கருவும் ஸ்டெம் செல்லும் அரசுப் பணமும்: தோட்டப்பாளையத்துத் திண்ணையில் கேட்கிற கேள்விகள்

குடியாத்தத்தில் அரசுப் பள்ளியில் இருபத்தெட்டு வருஷம் விலங்கியல் எடுத்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். வீடு வேலூர் தோட்டப்பாளையத்தில். எங்கள் தெருவில் பாதி வீடுகளின் மாடி, சி.எம்.சி.க்கு வைத்தியத்துக்கு வருகிறவர்கள் தங்குவதற்கென்றே இருக்கிறது. சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்தால் யாராவது ஒரு ஃபைலைத் தூக்கிக்கொண்டு, "சார், நீங்க பயாலஜி வாத்தியாராமே" என்று வந்துவிடுவார்கள். டாக்டர் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுவேன், ஆனாலும் போக மாட்டார்கள். ஸ்டெம் செல் பற்றி மட்டும் இத்தனை வருஷத்தில் வந்த கேள்விகள் ஒரு நோட்டு நிறைய இருக்கிறது. திரும்பத் திரும்ப வருகிறவற்றை இங்கே எழுதிவைக்கிறேன். என் அபிப்பிராயமும் நடுநடுவே வரும்.

ஸ்டெம் செல் என்றால் என்ன சார், சுருக்கமாகச் சொல்லுங்க.

இன்னும் இன்ன வேலை என்று முடிவாகாத செல். தன்னைப் போலவே இன்னொன்றைப் பெருக்கிக்கொள்ளவும் தெரியும், வேறொன்றாக மாறவும் தெரியும். தமிழ்ப் புத்தகத்தில் குருத்தணு என்று போட்டிருப்பார்கள், நல்ல வார்த்தை. தென்னங்குருத்து மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். நம் எலும்பு மஜ்ஜையிலும் இது இருக்கிறது, ஆனால் அதனால் ரத்த வகை செல்கள் மட்டும்தான் ஆக முடியும். ஐந்து நாள் கருவுக்குள் இருக்கிற செல் எதுவாக வேண்டுமானாலும் ஆகும்: மூளை, கணையம், இதயத் தசை, எதுவும். சண்டையெல்லாம் இந்த இரண்டாவது வகையைப் பற்றித்தான்.

கருவை உடைத்து எடுக்கிறார்கள் என்கிறார்களே, எந்தக் கரு? வயிற்றில் இருப்பதையா?

இல்லை. இந்த ஒரு குழப்பம் தீர்ந்தாலே பாதிக் கேள்வி தீர்ந்துவிடும். வயிற்றிலிருந்து எடுப்பது கிடையாது, கருக்கலைப்பில் கிடைப்பதும் இல்லை. குழந்தை இல்லாதவர்கள் ஐ.வி.எஃப். செய்துகொள்ளும்போது, ஒரே தடவையில் எட்டு, பத்து கருமுட்டை எடுத்து, வெளியில் தட்டில் வைத்து விந்தணுவோடு சேர்க்கிறார்கள். நாலைந்து கருவாவது தேறும். ஒன்றோ இரண்டோ கர்ப்பப்பையில் வைப்பார்கள். மீதியை மைனஸ் 196 டிகிரியில் திரவ நைட்ரஜனில் போட்டு உறைய வைத்துவிடுவார்கள். குழந்தை பிறந்த பிறகு அந்த மீதி அங்கேயே கிடக்கும்.

நான் ஒரு தடவை பார்த்திருக்கிறேன். என் தங்கை மகள் ஆம்பூரில் வாக்கப்பட்டவள், ஏழு வருஷம் குழந்தை இல்லாமல் வேலூரில் ஒரு மையத்தில் வைத்தியம் பார்த்துக்கொண்டாள். கருவை உள்ளே வைப்பதற்கு முன்னால் டிவி மாதிரி ஒரு திரையில் காட்டினார்கள். ஒரு வட்டம், வட்டத்துக்குள் தண்ணீர்ப் பை மாதிரி வெற்றிடம், ஒரு ஓரத்தில் மட்டும் ஜவ்வரிசியை அமுக்கி ஒட்டினாற்போல் ஒரு சின்னக் கும்பல். மொத்தமே நூறு, இருநூறு செல். உண்மையான அளவு ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. அந்த ஓரத்துக் கும்பல்தான் குழந்தையாக ஆகப் போவது, சுற்றியிருக்கும் வட்டம் நஞ்சுக்கொடியாகப் போவது. ஆராய்ச்சிக்காரர்கள் அந்தக் கும்பலை எடுத்துத் தனியாக வளர்க்கிறார்கள். எடுத்தால் அந்தக் கரு அதோடு முடிந்தது. இதை மழுப்புவதில் அர்த்தமில்லை.

முதலில் யார் செய்தது?

எலியில் 1981-இல், மார்ட்டின் எவான்ஸ் குழு. மனிதக் கருவில் 1998-இல், அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் தாம்சன். ஐ.வி.எஃப். தம்பதிகள் தானமாகக் கொடுத்த கருக்களிலிருந்து அவர் எடுத்தது மொத்தம் ஐந்து வரிசை. வரிசை என்றால், ஒரே கருவிலிருந்து வந்து முடிவில்லாமல் பெருகிக்கொண்டே போகிற செல் கூட்டம். அந்த ஐந்தில் ஒன்றுக்கு எச்9 என்று பெயர். அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

நம்ம சி.எம்.சி.யில் இதெல்லாம் நடக்கிறதா?

பாகாயம் வளாகத்தில் ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையம் என்று போர்டு இருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள். 2005-இல் மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் சி.எம்.சி.யும் சேர்ந்து ஆரம்பித்தது அது. பணம் அரசுப் பணம். ஆனால் அந்த மையம் பெயர் வாங்கியது கருவை வைத்து இல்லை, ரத்தத்தை வைத்து. சி.எம்.சி.யில் எலும்பு மஜ்ஜை மாற்று 1986-இலேயே தொடங்கிவிட்டது, தலசீமியா என்கிற பரம்பரை ரத்த வியாதி உள்ள பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எங்கெங்கிருந்தோ வருகிறார்களே, அது அந்த வழிதான்.

சமீபத்தில் பெரிதாகப் பேசப்பட்டது ஹீமோபிலியா. ரத்தம் உறையாத வியாதி, அடிபட்டால் நிற்காது, சும்மா இருக்கும்போதே முட்டிக்குள் கசியும். நோயாளியின் சொந்த ரத்த ஸ்டெம் செல்லையே எடுத்து, உறைய வைக்கிற எட்டாம் காரணிக்கான மரபணுவை அதற்குள் ஏற்றித் திரும்ப உடம்புக்குள் விட்டார்கள். ஐந்து பேருக்குச் செய்ததில் ஐந்து பேருக்குமே ரத்தக் கசிவு நின்றது என்று 2024 டிசம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. அமெரிக்காவில் ஹீமோபிலியாவின் இன்னொரு வகைக்கு விற்கிற மரபணு மருந்து ஒரு ஆளுக்கு சுமார் 35 லட்சம் டாலர். அதையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அரசுப் பணம் எதற்கு என்று என்னைக் கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது பாகாயத்தைத்தான்.

அந்தக் கரு உயிரா இல்லையா? அதைச் சொல்லுங்க முதல்ல.

உயிர்தான். விலங்கியல் வாத்தியார் வேறெப்படிச் சொல்வேன்? உங்கள் கையில் இருந்து உதிர்கிற தோல் செல்கூட உயிர்தான். நீங்கள் கேட்க வருவது அது ஒரு ஆளா என்று. அதற்கு மைக்ராஸ்கோப் பதில் சொல்லாது.

ஒரு பக்கம் கத்தோலிக்க சபை. முட்டையும் விந்தும் சேர்ந்த நொடியிலிருந்தே மனிதனுக்குரிய மரியாதை அதற்கு உண்டு என்கிறது. ஐ.வி.எஃப்.பையே அவர்கள் ஏற்பதில்லை என்பதால் பேச்சில் முரண் கிடையாது, அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். யூத மரபில் முதல் நாற்பது நாள் கருவுக்கு அந்த அந்தஸ்து இல்லை. இஸ்லாமிய அறிஞர்களில் பலர் 120 நாளில் ஆன்மா ஊதப்படுகிறது என்பதை வைத்துக்கொண்டு, அதற்கு முன்னால் தகுந்த காரணம் இருந்தால் பரவாயில்லை என்கிறார்கள். பேரணாம்பட்டில் ஒரு பழைய மாணவன் வீட்டில் இதைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசியிருக்கிறோம், அவனுடைய அப்பா ஹதீஸை எடுத்துப் படித்தே காட்டினார். இந்து சாஸ்திரத்தில் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள், ஒரே தீர்ப்பு என்று எதுவும் இல்லை.

சாஸ்திரத்தை விடுங்கள், நம் வீட்டுப் பெண்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். நாள் தள்ளிப்போனால் மூன்று மாதம் முடிகிற வரைக்கும் வெளியில் மூச்சு விட மாட்டார்கள். ஐந்தாம் மாதமோ ஏழாம் மாதமோதான் வளையல். நாலாவது வாரத்தில் கலைந்தால் அழுவார்கள், ஆனால் காரியம் செய்ய மாட்டார்கள். ஒன்பதாம் மாதத்தில் இறந்து பிறந்தால் அந்த வீடே வேறு மாதிரி ஆகிவிடும். கரு வளர வளர நம் கடமையும் வளர்கிறது என்று யாரும் வகுப்பெடுக்காமலே இந்த ஊர் நடந்துகொள்கிறது. என் கருத்தும் அதுதான். ஐந்து நாள் கரு குப்பை இல்லை. ஐந்து வயசுக் குழந்தையும் இல்லை. குப்பை இல்லை என்பதால் கேட்காமல் தொடக் கூடாது, விற்கக் கூடாது, விளையாட்டுக்கு உடைக்கக் கூடாது. குழந்தை இல்லை என்பதால், எப்படியும் அழியப் போகிற ஒன்றை, பெற்றவர்கள் சம்மதித்தால், வைத்தியத்துக்குப் பயன்படுத்தலாம்.

சத்துவாச்சாரியில் டீக்கடை வைத்திருக்கிற ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "இன்னா சார், ஆம்லெட் போட்டா கோழியைக் கொன்னியான்னு கேக்கற மாதிரி கீதே" என்றார். அவ்வளவு லேசாகவும் நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

பதினாலு நாள் கணக்கு என்கிறார்களே, அது என்ன?

1984-இல் இங்கிலாந்தில் மேரி வார்னாக் தலைமையில் ஒரு குழு சொன்னது. வெளியில் வளர்க்கிற கருவை 14 நாளுக்கு மேல் வளர்க்கக் கூடாது. ஏன் 14 என்றால், ஏறக்குறைய அப்போதுதான் கருவில் முதுகுத்தண்டு வரப்போகிற இடத்தில் முதல் கோடு விழுகிறது. அது வரைக்கும் அந்தக் கரு இரண்டாகப் பிரிந்து இரட்டைப் பிள்ளை ஆகவும் கூடும், அதனால் 'இது ஒரு ஆள்' என்று எண்ணிக்கை சொல்லவே முடியாது. 1990-இல் இங்கிலாந்து இதைச் சட்டமாக்கியது, நம் நாட்டு வழிகாட்டுதலிலும் இதே 14 நாள்தான். 2021-இல் சர்வதேச ஸ்டெம் செல் சங்கம், தடை செய்யப்பட்டவை பட்டியலிலிருந்து இதை எடுத்துவிட்டு, ஊர் மக்களிடம் பேசி, தனித்தனியாகப் பரிசீலிக்கலாம் என்று தளர்த்தியது. 2023-இல் இஸ்ரேலில் முட்டையும் இல்லாமல் விந்தும் இல்லாமல் ஸ்டெம் செல்லை மட்டும் வைத்தே, 14 நாள் கரு மாதிரி ஒன்றை உருவாக்கிக் காட்டினார்கள். அதற்கு எந்தக் கணக்கு பொருந்தும் என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

அமெரிக்காவில் பணம் கொடுப்பதா வேண்டாமா என்று அத்தனை வருஷம் சண்டை போட்டார்களே, ஏன்?

இது கொஞ்சம் நீளம், டீ சொல்லிவிட்டு உட்காருங்கள்.

அங்கே ஆராய்ச்சியைத் தடை செய்யவில்லை, அதைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். தடை செய்தது பணத்தை. மனிதக் கருவை அழிக்கிற எந்த ஆராய்ச்சிக்கும் மத்திய அரசுப் பணம் போகக் கூடாது என்று 1996 முதல் ஒவ்வொரு வருஷமும் பட்ஜெட்டோடு ஒரு ஷரத்தைச் சேர்த்துவிடுகிறார்கள். அதனால் 1998-இல் தாம்சன் செய்த வேலைக்கு ஜெரான் என்கிற தனியார் கம்பெனியின் பணம் வந்தது. அரசுப் பணத்தில் வாங்கிய ஒரு சாமானும் படாத தனி அறையில் வைத்துத்தான் செய்தார். விளைவு? அந்தச் செல்களுக்கான காப்புரிமை ஒரு பக்கம், முக்கியமான சில செல் வகைகளுக்கு கம்பெனியின் வியாபார உரிமை இன்னொரு பக்கம் என்று கட்டிப்போட்டாகிவிட்டது. மற்றவர்கள் தொடுவதற்கே கையெழுத்து வேண்டும்.

2001 ஆகஸ்ட் 9 ராத்திரி ஜார்ஜ் புஷ் டிவியில் வந்து ஒரு நடுவழி சொன்னார். இன்றைக்கு வரைக்கும் எடுத்துவிட்ட வரிசைகளுக்குப் பணம் தருவோம், ஏனென்றால் அந்தக் கருக்கள் ஏற்கனவே போய்விட்டன. நாளையிலிருந்து எடுப்பவற்றுக்கு ஒரு காசு கிடையாது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. அறுபதுக்கு மேல் வரிசை இருக்கிறது என்றார்கள். அதைத் தொடர்ந்து வந்த 64 வரிசைப் பட்டியலில் பத்து நம் நாட்டுடையவை, மும்பையில் ரிலையன்ஸ் லைஃப் சயின்ஸஸ் ஏழு, பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையம் மூன்று. கடைசியில் ஆராய்ச்சிக்காரர் கைக்கு உண்மையில் கிடைத்தது மொத்தம் இருபத்தொன்று. அவற்றையும் எலி செல்களின் மேல் வைத்து வளர்த்திருந்ததால், மனித உடம்பில் வைக்கலாமா என்று சந்தேகம்.

ஒரே ஆய்வகத்தில் பழைய வரிசைக்கு அரசுப் பணம், புது வரிசைக்குத் தனியார் பணம் என்று ஆனதும், மைக்ராஸ்கோப்பிலிருந்து ஃப்ரிட்ஜ் வரைக்கும் இரண்டிரண்டாக வாங்கினார்கள். நம் வீடுகளில் சண்டை போட்டுப் பாகம் பிரித்த அண்ணன் தம்பி ஒரே கூரைக்குக் கீழே இரண்டு அடுப்பு வைப்பார்களே, அது மாதிரி.

அப்புறம் ஹார்வர்டில் டக்ளஸ் மெல்டன். தவளைக் கருவை ஆராய்ந்துகொண்டிருந்தவர். கைக்குழந்தையாக இருந்த மகனுக்கு முதல் வகைச் சர்க்கரை வியாதி வந்தது, பிறகு மகளுக்கும் வந்தது. தவளையை விட்டுவிட்டு ஸ்டெம் செல்லுக்கு வந்தார். தனியார் பணத்திலேயே 17 புது வரிசை எடுத்து 2004-இல் வெளியிட்டு மற்ற ஆய்வகங்களுக்கும் கொடுத்தார். அதே வருஷம் கலிபோர்னியாவில் ஓட்டெடுப்பு நடத்தி, மாநிலமே 300 கோடி டாலர் கடன் பத்திரம் போட்டு ஆராய்ச்சிக்குக் கொடுப்பது என்று ஜனங்கள் முடிவு செய்தார்கள். டெல்லி தராவிட்டால் நாங்களே தருகிறோம் என்று ஒரு மாநிலம் சொன்னால் எப்படியிருக்கும், அப்படி. 2020-இல் திரும்பவும் ஓட்டுப் போட்டு இன்னொரு 550 கோடி.

அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்த அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு மசோதா போட்டது; புஷ் தன் பதவிக்காலத்தில் முதன்முதலாக வீட்டோ போட்டு ஒரு மசோதாவை நிராகரித்ததே 2006-இல் இதைத்தான். அன்றைக்குச் சுற்றிலும் குழந்தைகளை நிற்க வைத்துக்கொண்டார். எல்லாம் மற்றவர்கள் உறைய வைத்து விட்டுப்போன கருவைத் தத்தெடுத்துப் பெற்ற குழந்தைகள். எனக்கு அவர் முடிவில் உடன்பாடு இல்லை, ஆனால் எதிர்த் தரப்புக்கு வயிற்றில் புளியைக் கரைக்கிற வாதம் அது. 2009 மார்ச்சில் ஒபாமா அந்தத் தேதிக் கட்டுப்பாட்டை நீக்கினார். பெற்றோர் எழுத்தில் சம்மதித்த, குழந்தைப் பேற்றுக்காக உண்டாக்கி மீந்த கருவாக இருக்க வேண்டும், காசு கைமாறியிருக்கக் கூடாது என்று நிபந்தனைகள். கோர்ட்டுக்குப் போய், 2010-இல் ஒரு நீதிபதி நிறுத்தி, மேல்கோர்ட் அதை மாற்றி, 2013-இல்தான் வழக்கு ஓய்ந்தது. கருவை உடைக்கிற செயலுக்கு மத்தியப் பணம் தரக் கூடாது என்ற பழைய ஷரத்து அப்போதும் அப்படியே நின்றது.

இந்தியாவில் சட்டம் இருக்கிறதா?

2007-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து வழிகாட்டுதல் போட்டன. 2013-இல் திருத்தியபோது தலைப்பிலிருந்து 'சிகிச்சை' என்ற வார்த்தையையே எடுத்துவிட்டார்கள், நிரூபிக்காததைச் சிகிச்சை என்று சொல்லாதே என்பதற்காக. எனக்கு மிகவும் பிடித்த திருத்தம் அது. 2017-இல் இன்னொரு பதிப்பு. மீந்த கருவிலிருந்து சம்மதத்தோடு வரிசை எடுக்கலாம், நிறுவனத்துக்குள் ஒரு குழு பார்க்க வேண்டும். ஆராய்ச்சிக்கென்றே கருவை உண்டாக்குவது கடும் கட்டுப்பாட்டில் வருகிறது. குழந்தை பெறுவதற்காக குளோனிங், அதாவது ஒருவரின் நகலாகவே கருவை உண்டாக்குவது, கூடவே கூடாது.

அரசுப் பணத்தில் நம் ஆட்களும் வரிசை எடுத்திருக்கிறார்கள்: பெங்களூரு ஜவஹர்லால் நேரு மையத்தில் இரண்டு, மும்பையில் ஐ.சி.எம்.ஆரின் இனப்பெருக்க ஆராய்ச்சி நிறுவனத்தில் இரண்டு. சத்தமில்லாமல் நடந்த வேலை. 2021-இல் வந்த செயற்கைக் கருத்தரிப்புச் சட்டம் இன்னும் கொஞ்சம் பல்லுள்ளது. உறைய வைத்த கருவைப் பத்து வருஷத்துக்கு மேல் வைக்கக் கூடாது, அதற்குப் பிறகு அழிய விட வேண்டும், அல்லது தம்பதி சம்மதித்தால் பதிவு பெற்ற ஆராய்ச்சி நிறுவனத்துக்குக் கொடுக்கலாம். விற்பது குற்றம். ஆராய்ச்சிக்கென்று வெளிநாட்டுக்கு அனுப்புவதும் கூடாது.

எனக்கு இது பாவம் என்று படுகிறது. என் வரிப்பணத்தை ஏன் இதற்குக் கொடுக்க வேண்டும்?

நியாயமான கேள்வி. இதைக் கேட்டவர் காட்பாடியில் ஒரு சர்ச்சில் மூப்பர், எனக்கு நல்ல சிநேகிதர். வரிப்பணம் எல்லார் மனசுக்கும் ஒத்துத்தான் செலவாகிறது என்று சொன்னால் அது பொய். எனக்குப் பிடிக்காத எத்தனையோ காரியத்துக்கு என் பணம் போகிறது. ஆனால் அந்த பதிலோடு நிறுத்திக்கொண்டால் அவரை மட்டம் தட்டினதாக ஆகும்.

நான் சொல்வது இது. அரசு கையை எடுத்துக்கொண்டால் வேலை நிற்காது, இடம் மாறும். அமெரிக்கக் கதையில் பார்த்தோமே, கம்பெனிக்குப் போனது. கம்பெனி கணக்கு யாருக்குக் காட்டும்? முதலீடு போட்டவருக்கு. அரசுப் பணம் வாங்கினால்தான் சம்மதப் படிவம் எங்கே, குழு பார்த்ததா, முடிவை எங்கே வெளியிட்டாய் என்று கேட்க ஒரு ஆள் இருக்கிறான். நான்கூட தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடலாம். மூப்பர் கருவைக் காப்பாற்ற நினைக்கிறார் என்றால், அந்தக் காவல் சீட்டு அரசுப் பணத்தோடுதான் வருகிறது. அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "பாவத்துக்குக் காவல் போட்டா பாவம் இல்லேன்னு ஆயிடுமா சார்" என்றார். அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

கரு, கரு என்கிறீர்களே, முட்டை கொடுக்கிற பெண்ணைப் பற்றி யாரும் பேசவில்லையே?

இதைக் கேட்டது ஒரு நர்ஸ் பெண். என் நோட்டில் இருக்கிற கேள்விகளில் இதுதான் உசத்தி என்பேன்.

கருமுட்டை எடுப்பதற்குப் பத்து நாளுக்கு மேல் தினமும் ஹார்மோன் ஊசி, பிறகு மயக்கம் கொடுத்து ஊசியால் உறிஞ்சி எடுப்பது. சிலருக்குச் சினைப்பை வீங்கி, வயிற்றில் நீர் கோத்து, ஆபத்தாகக்கூடப் போகும். தென்கொரியாவில் ஹ்வாங் வூ-சுக் என்று ஒரு விஞ்ஞானி, குளோனிங் செய்த மனிதக் கருவிலிருந்து ஸ்டெம் செல் எடுத்தேன் என்று 2004, 2005-இல் உலகத்தையே ஏமாற்றினார். நாடே அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது, அரசுப் பணமும் கொட்டியது. கடைசியில் அத்தனையும் ஜோடித்த கணக்கு, 2006 ஜனவரியில் கட்டுரைகளைத் திரும்பப் பெற்றார்கள். பொய்யைவிட எனக்கு உறைத்தது வேறு: அவர் ஆய்வகத்தில் அவருக்குக் கீழே வேலை பார்த்த பெண்களே முட்டை கொடுத்திருந்தார்கள், மற்றவர்களுக்குக் காசு கொடுத்திருந்தார்கள். மேலதிகாரி கேட்டால் 'விருப்பத்தோடு' என்பதற்கு என்ன அர்த்தம்? ஆக அரசுப் பணம் இருந்துவிட்டால் மட்டும் எல்லாம் ஒழுங்காகிவிடும் என்று நான் சொன்னதில் ஓட்டை இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். பணத்தோடு கேள்வி கேட்கிற ஆளும் போக வேண்டும், கைதட்டுகிற ஆள் மட்டும் போனால் இப்படித்தான்.

கொரியா எதற்கு, நம் ஈரோட்டிலேயே 2022-இல் பதினாறு வயசுப் பெண்ணின் முட்டையை, வயசை மாற்றிக் காட்டி, பெற்ற தாயே சேர்ந்து பல தடவை விற்ற கொடுமை வெளியே வந்தது. அது ஆராய்ச்சிக்கு இல்லை, குழந்தை இல்லாதவர்களுக்கு. ஆனால் ஆள் பிடிக்கிற வலை ஒன்றுதான். சட்டம் இப்போது, முட்டை தானம் கொடுக்கிற பெண் என்றால் 23-லிருந்து 35 வயசுக்குள், வாழ்க்கையில் ஒரே தடவை, ஏழு முட்டைக்கு மேல் கூடாது என்கிறது. அதனால்தான் ஆராய்ச்சிக்கு என்று புதிதாக முட்டை எடுப்பதை நான் எதிர்க்கிறேன். மீந்தது இருக்கும்போது புதிதாக ஒரு பெண்ணின் உடம்பைக் குத்த வேண்டாம்.

தோல் செல்லிலிருந்தே ஸ்டெம் செல் செய்யலாமாமே? அப்புறம் கரு எதற்கு?

ஜப்பானின் ஷின்யா யமனாகா 2006-இல் எலித் தோல் செல்லில் நான்கு மரபணுவை ஏற்றி அதைக் கருக்கால நிலைக்கே திருப்பிக் கொண்டுபோனார். 2007-இல் மனிதத் தோலில், 2012-இல் நோபல். அருமையான வேலை. தன் செல்லிலிருந்தே வருவதால் உடம்பு ஒதுக்கும் தொல்லையும் குறைய வாய்ப்பு உண்டு. கருவை உடைக்கத் தேவையில்லை என்பதால் பல இடங்களில் சண்டையின் சூடே தணிந்தது.

ஆனால் திருப்பிக் கொண்டுபோன செல் ஒழுங்காகத் திரும்பியதா என்று எதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது? அசலோடுதான். அசல் வேண்டும். இன்னொன்று, வரிசை ஒரு தடவை எடுத்தால் போதும், பல வருஷம் ஓடும். அதனால் தினம் தினம் கருவை உடைக்கிறார்கள் என்று கற்பனை செய்ய வேண்டாம்.

இருபத்தைந்து வருஷத்தில் ஒருத்தராவது குணமானாரா?

ரொம்ப நாள் இல்லை என்றுதான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். 2010-இல் ஜெரான் தண்டுவட அடிக்கு முதல் சோதனை ஆரம்பித்து, அடுத்த வருஷமே பணம் போதவில்லை என்று கைவிட்டது. கம்பெனி கையில் விட்டால் அப்படியும் ஆகும்.

2025-இல் இரண்டு சேதி வந்தது. ஒன்று, மேலே சொன்ன எச்9 வரிசை ஞாபகம் இருக்கிறதா, 1998-இல் எடுத்தது, அதிலிருந்து வளர்த்த நரம்புச் செல்களை பார்க்கின்சன் நோயாளிகள் 12 பேர் மூளையில் வைத்தார்கள். அந்தச் செல்லால் பெரிய ஆபத்து ஒன்றும் இல்லை, சிலருக்கு நடுக்கமும் விறைப்பும் குறைந்த அறிகுறி. சின்ன ஆய்வு, அதிகம் துள்ள வேண்டாம். இன்னொன்று சர்க்கரை. கரு ஸ்டெம் செல்லிலிருந்து இன்சுலின் சுரக்கும் செல் வளர்த்து முதல் வகை நோயாளிகளுக்குச் செலுத்தியதில், முழு அளவு பெற்ற 12 பேரில் 10 பேருக்கு ஒரு வருஷம் கழித்து இன்சுலின் ஊசியே தேவைப்படவில்லை. ஆனால் உடம்பு அந்தச் செல்லை ஒதுக்காமல் இருக்க மருந்து சாப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இது தவளையை விட்டுவந்த மெல்டன் போட்ட வழி. அவர் ஆரம்பித்த கம்பெனியை வெர்டெக்ஸ் என்கிற பெரிய கம்பெனி 95 கோடி டாலருக்கு 2019-இல் வாங்கிவிட்டது. மருந்து கடைக்கு வந்தால் என்ன விலை வைப்பார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். இங்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் இன்சுலினுக்கு வரிசையில் நிற்கிற பிள்ளைக்கு அது எப்போது வரும்?

பேப்பரில், போனில் எல்லாம் ஸ்டெம் செல் தெரபி என்று விளம்பரம் வருகிறதே, போகலாமா?

வேண்டாம். என் கூட வேலை பார்த்த ஒருவரின் மகன் பள்ளிகொண்டா டோல்கேட் பக்கத்தில் பைக்கில் விழுந்து இடுப்புக்குக் கீழே அசைவில்லை. வேறொரு ஊரில் ஒரு தனியார் இடத்தில் நாலு ஊசி போட்டார்கள். வேலூருக்கு வெளியே இருந்த முக்கால் ஏக்கர் நிலம் போயிற்று. ரசீதில் 'ஸ்டெம் செல்' என்ற வார்த்தையே கிடையாது, 'செயல்முறைக் கட்டணம்' என்று இருந்தது. எந்தச் செல், யாருடையது, எத்தனை என்று அவர் கேட்டதற்கு ஒரு பதிலும் வரவில்லை. பையன் அப்படியேதான் இருக்கிறான்.

ரத்தப் புற்றுநோய், தலசீமியா மாதிரி ரத்த சம்பந்தமான வியாதிகளுக்கு மஜ்ஜை மாற்று நிரூபணமான சிகிச்சை. ஆட்டிசம், பக்கவாதம், தண்டுவடம் என்று சொன்னால் அது இன்னும் ஆய்வு. ஆட்டிசத்துக்கு இதைப் பரிந்துரைக்கக் கூடாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் குழுவே 2022-இல் சொல்லிவிட்டது. ஒழுங்கான ஆய்வு என்றால் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் எண் இருக்கும், உங்களிடம் மருந்துக்குக் காசு வாங்க மாட்டார்கள். காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

தொப்புள்கொடி ரத்தம் சேமிக்கச் சொல்கிறார்கள்?

தன் பிள்ளைக்கே பின்னால் உதவும் என்று தனியாரிடம் பணம் கட்டிச் சேமிக்க ஐ.சி.எம்.ஆர். பரிந்துரைக்கவில்லை. கருவுக்கும் இதற்கும் சம்பந்தமும் இல்லை. அந்தக் காசுக்கு ஒரு மருத்துவக் காப்பீடு எடுங்கள்.

உங்க தங்கை மகள் மீந்த கருவை என்ன செய்தாள்?

பையன் பிறந்து இப்போது யு.கே.ஜி. படிக்கிறான். அந்த மையத்தில் இன்னும் இரண்டு கரு இருக்கிறது, வருஷத்துக்கு ஒரு தடவை சேமிப்புக் கட்டணம் கட்டச் சொல்லி மெசேஜ் வரும். ஆரம்பத்தில் கையெழுத்து வாங்கின படிவத்தை அவள் என்னிடம் காட்டினாள். ஒன்பது பக்கம், முழுக்க இங்கிலீஷ். ஊசி போட வந்த அன்றைக்குக் காலையில் கொடுத்து, கோடு போட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கிறார்கள். ஏழாம் பக்கத்தில் மூன்று கட்டம்: அழித்துவிடலாம், வேறு தம்பதிக்குத் தரலாம், ஆராய்ச்சிக்குத் தரலாம். மூன்றிலும் டிக் இல்லை. பக்கத்தில் அவள் கையெழுத்து மட்டும் இருக்கிறது.

உட்கார்ந்து பேசினோம், அவள் புருஷனும் இருந்தார். இன்னொரு குழந்தை வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார்கள். இன்னொருத்தருக்குக் கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை, ஊரில் எங்கேயாவது என் பையன் முகத்தோடு ஒரு பிள்ளை போனால் என்ன செய்வேன் மாமா என்றாள். அழிப்பதற்கும் கை வரவில்லை. ஆராய்ச்சிக்குத் தரலாம் என்று அவளே சொன்னாள், நான் சொல்லவில்லை, என் அபிப்பிராயம் தெரிந்தால் எனக்காகச் சொல்லிவிடுவாள் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மூன்று பேரும் மையத்துக்குப் போய்ச் சொன்னோம். கவுண்ட்டரில் இருந்த பெண் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தாள். "அந்தக் கட்டம் ஃபார்ம்ல இருக்கும் சார், ஆனா வாங்கிக்க யாரும் வரதில்லை, எங்க அனுப்பறதுன்னு எங்களுக்கும் தெரியாது" என்றாள். அனுப்ப ஒரு இடம், அரசு நடத்துகிற ஒரு கரு வங்கி, ஒரு போன் நம்பர், ஒன்றும் அவள் கையில் இல்லை. அழிப்பதற்கான படிவத்தை மட்டும் எடுத்து நீட்டினாள். தங்கை மகள் அதை வாங்கவில்லை. அந்த வருஷக் கட்டணத்தைக் கட்டி ரசீது வாங்கிக்கொண்டு, ஆம்பூர் பஸ் ஏறிவிட்டாள்.